அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள்: டென்மார்க் பாணி மகிழ்ச்சியை வீட்டுக்குக் கொண்டுவர ஒரு முழு வழிகாட்டி

மார்ச் மாதம் வந்தால் உலக மகிழ்ச்சி அறிக்கை வெளியாகும். அதில் டென்மார்க் 2012, 2013, 2016 ஆகிய ஆண்டுகளில் முதலிடம் பிடித்தது. 2018-இலிருந்து அந்த இடத்தைப் பின்லாந்து விடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்றாலும், டென்மார்க் அதை ஒட்டியேதான் நிற்கிறது. இதைப் படித்ததும் அங்கே எல்லோரும் துள்ளிக் குதித்துக்கொண்டு திரிவதாக நினைக்க வேண்டாம். அந்தப் பட்டியலுக்காகக் கேட்கப்படும் கேள்வியே வேறு. அடியில் 0, உச்சியில் 10 என்று எண்ணிட்ட ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். உச்சிப்படி உங்களுக்கு அமையக்கூடிய மிக நல்ல வாழ்க்கை, அடிப்படி மிக மோசமான வாழ்க்கை. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? அவ்வளவுதான். டென்மார்க்காரர்கள் சராசரியாக ஏழரைக்குப் பக்கத்தில் ஒரு படியைச் சொல்கிறார்கள். பெரிய குறை ஒன்றுமில்லை, நாளைக்கும் இப்படியே இருக்கும் என்ற தெம்பு அது.

அந்தத் தெம்பில் எதை நம் வீட்டுக்குக் கொண்டுவரலாம், எதை முடியாது என்பதை முதலிலேயே பிரித்துக்கொள்வது நல்லது.

கொண்டுவர முடியாதவை: அங்கே தொழிற்சங்க ஒப்பந்தப்படி வாரத்துக்கு 37 மணி நேர வேலை. சட்டப்படி ஆண்டுக்கு ஐந்து வாரம் சம்பளத்தோடு விடுமுறை. மருத்துவமனையில் பில் கிடையாது. பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லை என்பதோடு படிக்கிற பிள்ளைக்கு அரசே மாதாமாதம் பணம் தருகிறது. இதற்கெல்லாம் சேர்த்து வரியையும் பலமாக வாங்கிக்கொள்கிறது. கடையில் வாங்கும் பொருளுக்கு 25 சதவீதம் வரி. ஒரு நோய் வந்தால் குடும்பமே கவிழ்ந்துவிடும் என்ற பயம் இல்லாத வீட்டில் ராத்திரித் தூக்கம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மகிழ்ச்சியில் பாதி அங்கேயிருந்து வருகிறது என்பது என் கட்சி. ஆகவே மெத்தை தலையணை, வாசனை மெழுகுவத்தி, கம்பளிக் காலுறை என்று 'டென்மார்க் மகிழ்ச்சி'யை விற்கும் கடைகளை நம்பாதீர்கள்.

கொண்டுவரக்கூடியது, அவர்கள் 'ஹுகே' என்று சொல்லும் அந்த மாலைப் பழக்கம். வேண்டியவர்கள் சிலர் ஒன்றாக, அவசரமில்லாமல், யாரும் யாருக்கும் வேலைக்காரராக இல்லாமல் உட்கார்ந்திருப்பது. கடைசியில் சொன்ன அந்த ஒன்றைத்தான் நம் ஊரில் எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசப்போகிறேன்.

கீழே உள்ள படிகளைச் சுலபமானதிலிருந்து கடினமானதற்கு என்று வரிசைப்படுத்தியிருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் வீட்டில் கலகம் வரும். ஒன்று ஊன்றிய பிறகு அடுத்தது.

படி 1: வெளிச்சத்தை இறக்குங்கள்

இதற்கு யாருடைய சம்மதமும் வேண்டாம், யாரும் திருந்தவும் வேண்டாம். சில நூறு ரூபாயில் ஒரே மாலையில் முடிந்துவிடும்.

டிசம்பரில் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் காலை எட்டரை மணிவாக்கில்தான் சூரியன் எழும். பிற்பகல் 3:40-க்கெல்லாம் போய்விடும். மற்ற நேரமெல்லாம் விளக்கோடுதான் குடித்தனம். அதனால் வீட்டு வெளிச்சத்தைப் பற்றி உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். பவுல் ஹென்னிங்சன் (1894–1967) என்ற வடிவமைப்பாளர் சின்ன வயதில் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்தவர். மின்சார பல்பு வந்து கண்ணைக் குத்த ஆரம்பித்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. 1920களின் நடுவில், ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று மூடிகளை அடுக்கி, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பல்பு தெரியாத, வெளிச்சம் மட்டும் மேசைமேல் விழுகிற ஒரு விளக்கைச் செய்தார். 1958-இல் அவர் உருவாக்கிய பிஎச் 5 என்ற தொங்கு விளக்கு இன்றைக்கும் டென்மார்க் வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கு மேல் தொங்குகிறது. அசலை வாங்கப்போனால் ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்கும். நமக்கு அதன் சூத்திரம் போதும்: பல்பு கண்ணில் படக்கூடாது, வெளிச்சம் மஞ்சளாக இருக்க வேண்டும், தலைக்கு மேலிருந்து கொட்டாமல் பக்கவாட்டில் வரவேண்டும்.

நம் ஹாலில் பெரும்பாலும் சுவர் உச்சியில் ஒரே ஒரு டியூப்லைட். அதன் அட்டைப் பெட்டியைப் பார்த்தால் 6500 கெல்வின் என்று அச்சிட்டிருக்கும். பட்டப்பகல் நிறம் அது. ஆபரேஷன் தியேட்டருக்கு ரொம்பப் பொருத்தம். எலக்ட்ரிகல் கடையில் 'வார்ம் ஒயிட்' என்று கேளுங்கள், 2700 முதல் 3000 கெல்வின் வரை உள்ளதாக. 12 வாட்டில் ஒன்று வாங்குவதைவிட 5 வாட்டில் மூன்று வாங்குவது மேல். நம் சுவர் ஹோல்டர்களுக்குப் பின் வைத்த பல்பு, மேசை விளக்குகள் பலவற்றுக்குத் திருகுகிற பல்பு. விளக்கைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் இரண்டாவது நடை மிச்சம். ஒன்றை ஸ்டூல் மேல், ஒன்றை அலமாரியின் நடுத்தட்டில், ஒன்றைச் சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். பல்பைச் சுவர் பார்த்துத் திருப்பிவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

வீட்டுப்பாடம் முடிந்ததும் டியூப்லைட்டை அணையுங்கள். "ஏன்டா இருட்டுல உக்காந்திருக்கீங்க" என்று பெரியவர்கள் கேட்பார்கள். கண்புரை உள்ளவர்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. அவர்கள் பக்கம் ஒரு விளக்கைக் கூட்டி வையுங்கள்.

மெழுகுவத்தி? வேண்டாம். அங்கே ஜன்னல் சாத்தியிருக்கும், வெளியே குளிர், கொஞ்சம் சூடு கிடைத்தால் லாபம். மே மாதத்து மதுரையில் ஃபேனை நிறுத்திவிட்டு மெழுகுவத்தி ஏற்றுவதற்குப் பெயர் மகிழ்ச்சி இல்லை. மூடிய அறையில் மெழுகுவத்தி விடும் நுண்துகள்கள் மூச்சுக்குக் கெடுதல் என்று டென்மார்க்கிலேயே ஆய்வாளர்கள் எச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

படி 2: ஒரு மணி நேரத்துக்கு வேலி போடுங்கள்

டென்மார்க் அலுவலகங்களில் நான்கு மணிக்கெல்லாம் பெற்றோர் பையை எடுத்துக்கொண்டு குழந்தைகள் காப்பகத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். யாரும் முறைத்துப் பார்ப்பதில்லை. இரவு எட்டு மணிவரை உட்கார்ந்திருப்பவரைத்தான், பாவம், இவருக்கு வேலையை நேரத்தில் முடிக்கத் தெரியவில்லை போல என்று பார்ப்பார்கள். ஆறு மணிவாக்கில் குடும்பமே சாப்பிட உட்கார்ந்துவிடும்.

சோழிங்கநல்லூரிலிருந்து பஸ் பிடித்து எட்டரைக்கு வீடு சேருபவரிடம் ஆறு மணிக் கதை சொல்லிப் பயனில்லை. மணியை விட்டுவிட்டு முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கடைசியாக வந்து சேருபவர் முகம் கழுவிய பிறகு ஒரு மணி நேரம். தினமும் முடியாவிட்டால் வாரத்தில் இரண்டு நாள், ஆனால் நாள் மாறக்கூடாது. செவ்வாயும் வெள்ளியும் என்றால் செவ்வாயும் வெள்ளியும்தான். 'நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம்' என்று வைத்த எதுவும் எந்த வீட்டிலும் நடந்ததில்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் போன்கள் எல்லாம் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும், ஹாலுக்கு வெளியே. அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாம் பயந்த அளவுக்கு எதுவும் ஆவதில்லை; எரிந்துகொண்டிருக்கும் பிரச்சினைகளில் பெரும்பாலானவை ஒன்பதரை மணிக்கும் எரிந்துகொண்டுதான் இருக்கும்.

போனைவிட முக்கியம் பேச்சு. ஹுகேயின்போது டென்மார்க்காரர்கள் சண்டைக்கு இழுக்கும் விஷயங்களைத் தொடமாட்டார்கள். நம் வீட்டுக்கு ஏற்றபடி சொன்னால், கடன், மார்க், சொந்தக்காரர் ஆகிய மூன்றும் அந்த ஒரு மணி நேரத்துக்கு வெளியே. பேச வேண்டாம் என்றில்லை. இஎம்ஐ பற்றிப் பேச ஞாயிற்றுக்கிழமை காலை இருக்கிறது. பேச எதுவுமே இல்லாமல் சும்மா இருந்தாலும் பரவாயில்லை. முதல் இரண்டு மூன்று தடவை அப்படித்தான் இருக்கும், எல்லோரும் எதிர்ச் சுவரையே பார்ப்பார்கள்.

படி 3: அடுப்பை அணைத்த பிறகே உட்காருங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுத்தூண். மற்ற படிகளை நீங்கள் விட்டுவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

நம் வீடுகளில் 'குடும்பமாகச் சேர்ந்து சாப்பிட்டோம்' என்றால் என்ன நடந்திருக்கும்? ஹாலில் நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். சமையலறையில் ஒருவர் கல்லின் முன்னால் நிற்பார். ஒவ்வொரு தோசையாகச் சுட்டு, சூடு ஆறுவதற்குள் ஓடிவந்து தட்டில் போட்டுவிட்டுத் திரும்ப ஓடுவார். ஹாலில் வெடிக்கும் சிரிப்பு அவருக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தத்தின் நடுவே அரைகுறையாகக் கேட்கும். "என்ன, என்ன சொன்னான்?" என்று கரண்டியோடு எட்டிப் பார்ப்பார். கடைசித் தோசை அவருக்கு. அதற்குள் தேங்காய்ச் சட்னி தீர்ந்துபோய், கிண்ணத்தில் தாளித்த கடுகு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். மற்றவர்கள் கை கழுவிக்கொண்டு எழுந்துவிட்டிருப்பார்கள்.

வீட்டில் ஒருவர் நின்றுகொண்டிருந்தால் மற்ற நான்கு பேரின் நிம்மதி அவர் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஆகவே விதி எளிது: கடைசி அடுப்பையும் அணைத்த பிறகுதான் முதல் ஆள் உட்கார வேண்டும்.

இந்த விதிக்குத் தோசை ஆகவே ஆகாது. பூரியும் ஆகாது. வேறு நாளில் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். முன்பே செய்து மூடிவைத்தாலும் கெடாத பலகாரம் நம்மிடம் ஏராளம்: ஹாட்பாக்ஸில் இட்லி, இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், சேவை, எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும், கூட்டாஞ்சோறு, சுண்டல். அப்பளத்தை முன்னாலேயே பொரித்துக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்தால் அரை மணி நேரத்துக்கு நமுத்துப் போகாது.

டென்மார்க்கின் மதியச் சாப்பாட்டு முறையையும் ஒருநாள் செய்து பார்க்கலாம். ரை என்ற தானியத்தில் செய்த கனமான கறுப்பு ரொட்டியை மெல்லிய துண்டுகளாக்கி வைத்திருப்பார்கள். வெண்ணெய், ஊறவைத்த மீன், அவித்த முட்டை, ஈரல் விழுது, ஊறுகாய் வெள்ளரி என்று எல்லாம் மேசையில் பரப்பியிருக்கும். அவரவர் ரொட்டியில் அவரவர் அடுக்கிக்கொள்ள வேண்டியதுதான். யாரும் பரிமாறுவதில்லை. நமக்குக் கடையில் கிடைக்கும் கோதுமை பிரெட், வெண்ணெய், அவித்த முட்டை, வெள்ளரி, மிளகுத்தூள், புதினாச் சட்னி, மசித்த உருளைக்கிழங்கு போதும். எதை எதன்மேல் வைப்பது என்று பிள்ளைகள் போடும் சண்டையிலேயே அரை மணி நேரம் ஓடிவிடும்.

அப்புறம் வேலைப் பிரிவினை. வாயால் சொன்னால் நிற்காது, எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். சின்னவனுக்குத் தட்டும் டம்ளரும். பெரியவளுக்குக் காய் நறுக்குவது. வீட்டு ஆணுக்கு ஒரு முழு வேலை, தொடக்கம் முதல் முடிவு வரை: பாத்திரம் கழுவுவது என்றால் சிங்க்கைத் துடைத்துக் காயவைப்பதுவரை. "ஏதாவது செய்யணுமா?" என்று சமையலறை வாசலில் வந்து நின்று கேட்பது கணக்கில் வராது. எது எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுச் செய்வதும் வராது. கேட்கப்படுபவருக்கு அதுவும் ஒரு வேலை.

விருந்தினர் வந்தாலும் இதே விதி. டென்மார்க்கில் நண்பர்கள் கூடினால் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்த்துச் சாப்பிடுவது சகஜம். நம் வீட்டுக்கு வருகிறவரும் "என்ன எடுத்துட்டு வரட்டும்?" என்று போனில் கேட்கத்தான் செய்கிறார். "ஐயோ, ஒண்ணும் வேணாம், நீங்க வந்தா போதும்" என்று சொல்லிவிட்டு முந்தின நாளிலிருந்தே மாவரைக்கத் தொடங்குவது நாம்தான். அடுத்த தடவை "வெங்காயப் பச்சடி செஞ்சு எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். கேட்டவருக்கு முதலில் ஆச்சரியமாக இருக்கும், பிறகு சந்தோஷமாக இருக்கும். ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரையில் ஆளுக்கொரு கலந்த சாதம் கட்டிக்கொண்டு போய்ப் பங்கிட்டுச் சாப்பிட்டவர்களுக்கு இதை யாரும் வந்து கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

படி 4: இனிப்புக்கு ஒரு நாள்

டென்மார்க் குழந்தைகளுக்கு வெள்ளிக்கிழமைதான் மிட்டாய் நாள். வாரம் முழுவதும் தள்ளிவைத்து, அன்று மாலை காகிதப் பையில் அவரவர் தேர்ந்தெடுத்த மிட்டாயோடு குடும்பமே சோபாவில் ஒட்டிக்கொண்டு டிவி பார்க்கும். பல்லுக்கும் நல்லது, வாரத்துக்கும் ஒரு முடிச்சு விழுகிறது. நம் பல வீடுகளில் வெள்ளிக்கிழமை ஏற்கெனவே பாயசமோ சர்க்கரைப் பொங்கலோ உண்டு. அந்த நாளையே வைத்துக்கொள்ளுங்கள். என்ன பார்ப்பது என்பதை வாரத்துக்கு ஒருவர் தீர்மானிக்கட்டும். பாட்டியின் முறை வரும்போது பழைய சிவாஜி படத்தை எல்லோரும் முழுதாகப் பார்க்க வேண்டும். பாதியில் எழுந்து போகிறவருக்கு அடுத்த வாரம் இனிப்பு கிடையாது.

படி 5: பிள்ளைகளைக் கொஞ்சம் கைவிடுங்கள்

டென்மார்க் பள்ளிகளில் எட்டாம் வகுப்புக்கு வரும்வரை மதிப்பெண் கிடையாது. மழையோ பனியோ, நாள் முழுவதும் காட்டிலேயே நடக்கும் பாலர் பள்ளிகள் உண்டு. அங்கே நான்கு வயதுக் குழந்தை கத்தியால் குச்சி சீவிக்கொண்டிருக்கும், ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் போர்த்தி வெளியே காற்றில் தூங்கவிட்டுப் பெற்றோர் உள்ளே காபி குடிப்பார்கள். இதே பழக்கத்தோடு 1997-இல் நியூயார்க் போன ஒரு டென்மார்க் தாய், உணவகத்துக்கு வெளியே குழந்தையை விட்டதற்காகக் கைதானார். ஆக, பழக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் ஊர் ஒத்துழைக்காது. நம் தெருவில் தள்ளுவண்டியை வெளியே விடச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

வீட்டுக்குள் செய்யக்கூடியது இதுதான்: வாரத்தில் ஒரு மாலையாவது டியூஷன், ஹிந்தி வகுப்பு, கீபோர்டு என்று எதுவுமில்லாமல் விடுங்கள். "போரடிக்குது" என்று வந்து நிற்பார்கள். நிற்கட்டும், பதில் சொல்லாதீர்கள்.

மொட்டைமாடி இருந்தால் டென்மார்க் பிள்ளைகளின் குச்சிரொட்டியைச் செய்து பார்க்கலாம். கோதுமை மாவில் ஈஸ்ட், உப்பு, கொஞ்சம் சர்க்கரை சேர்த்துச் சப்பாத்தி மாவைவிடச் சற்றுத் தளர்வாகப் பிசைந்து, ஒரு மணி நேரம் மூடிவையுங்கள். விரல் தடிமனுக்குக் கயிறு போல உருட்டி, நீளமான மூங்கில் குச்சியின் நுனியில் பாம்பு சுற்றுவது மாதிரி சுற்ற வேண்டும். அரளி மாதிரி கையில் கிடைத்த குச்சியை ஒடித்துவிடாதீர்கள், அரளி விஷம். இரும்புச் சட்டியில் கரியைப் பற்றவைத்து, சுவாலை அடங்கித் தணலான பிறகு அதற்கு மேலே பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தால் பத்து நிமிடத்தில் வெந்துவிடும். அவசரக்காரர்கள் சுவாலையில் காட்டுவார்கள். வெளியே கரி, உள்ளே பச்சை மாவு. வெந்ததைக் குச்சியிலிருந்து உருவினால் நடுவில் ஓட்டை இருக்கும், அதில் ஜாமை ஊற்றிக்கொள்ளலாம். குச்சியைப் பிடித்திருக்கும் அந்தப் பத்து நிமிடமும் இரண்டு கையும் போனுக்குக் கிடைக்காது என்பது பெற்றோருக்கான போனஸ்.

படி 6: பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்

1967-இல் போடில் க்ரோ என்பவர் 'பொலிட்டிகன்' நாளிதழில் குழந்தைகளுக்கு நூறு பெற்றோர் வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். ஏறக்குறைய அதே காலத்தில் யான் குட்மண்ட் ஹொயர் என்ற கட்டடக் கலைஞரும் தனித்தனி வீடும் பொதுச் சமையலறையுமாக ஒரு குடியிருப்பைக் கட்ட அலைந்துகொண்டிருந்தார். 1972-இல் கோபன்ஹேகனுக்கு வடக்கே செட்டடாமன் என்ற கூட்டுக் குடியிருப்பு எழுந்தது. அதைப் பார்த்து நாடெங்கும் பல வந்தன. அவரவருக்குச் சொந்த வீடும் கதவும் உண்டு. ஆனால் வாரத்தில் சில நாள் பொது மண்டபத்தில் சாப்பாடு, சமையல் முறை வைத்து. நம் முறை வரும் நாளில் ஊருக்கே வடித்துக் கொட்ட வேண்டும். மற்ற நாள்களில் கை வீசிக்கொண்டு போய் உட்காரலாம். இந்தக் கணக்கு யாருக்குத்தான் கசக்கும்? கோபன்ஹேகனின் வெஸ்டர்ப்ரோ பகுதியில் அப்சலோன் என்று ஒரு பழைய தேவாலயம் இப்போது மக்கள் கூடமாகிவிட்டது. அங்கே மாலை ஆறு மணிக்கு நீள மேசைகளில் முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

உங்கள் அபார்ட்மெண்டில் நான்கைந்து குடும்பத்தோடு தொடங்குங்கள். மாதத்துக்கு ஒரு மாலை, பார்க்கிங்கிலோ மாடியிலோ. ஒரு குடும்பம் சமைக்கும். செலவைத் தலைக்கணக்கில் பிரித்துக்கொள்ளுங்கள். தட்டும் டம்ளரும் அவரவர் கொண்டுவந்து அவரவர் கழுவ வேண்டும். ஒரே சாதம், ஒரே குழம்பு, ஒரு பொரியல், அதற்கு மேல் கூடாது. அடுத்த குடும்பம் போட்டிக்கு நெய்ச்சாதமும் மூன்று வகை இனிப்பும் செய்ய ஆரம்பித்த மாதமே இந்த ஏற்பாடு செத்துவிடும்.

நம் ஊரில் இதில் ஒரு முள் இருக்கிறது, மறைத்துப் பயனில்லை. யார் சமைத்ததை யார் சாப்பிடுவது என்று வாய்விட்டுச் சொல்லாமல் ஒதுங்குகிறவர்கள் இருப்பார்கள். சைவமா அசைவமா என்பதை முன்பே பேசித் தீர்த்துவிடலாம். மற்றதைத் தீர்க்க முடியாது. ஒதுங்குகிறவர்களைக் கெஞ்ச வேண்டாம். வாட்ச்மேன் குடும்பம் அதே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறதா, அல்லது எல்லோரும் முடித்த பிறகு பார்சலாகப் போகிறதா என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

டென்மார்க் கிராமத்துச் சாலையோரங்களில் ஆளில்லாத சின்னக் கடைகள் இருக்கும். உருளைக்கிழங்கு, ஸ்ட்ராபெர்ரி, பக்கத்தில் ஒரு உண்டியல். எடுத்துக்கொண்டு பணத்தைப் போட்டுவிட்டுப் போக வேண்டியது. அந்த நம்பிக்கை ஒருநாளில் வராது. லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு அலமாரி வைத்துப் படித்து முடித்த பத்திரிகை, சின்னதாகிப் போன பள்ளிச் சீருடை, மிஞ்சிய முருங்கைக்கீரை என்று யாரும் வைக்கலாம், யாரும் எடுக்கலாம் என்று விட்டுப் பாருங்கள்.

பாட்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது. 1844-இல் ரோடிங் என்ற ஊரில் முதல் மக்கள் உயர்பள்ளி (பெரியவர்கள் தங்கிப் படிக்கும், தேர்வு இல்லாத பள்ளி) தொடங்கியது முதல் டென்மார்க்காரர்களிடம் கூடிப் பாடும் பழக்கம் ஊறியிருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பிலிப் ஃபாபர் என்ற பாடகர்குழு நடத்துநர் காலையில் தொலைக்காட்சியில் பியானோ முன் உட்கார, நாடே வீட்டிலிருந்தபடி அவரோடு பாடியது. குரல் நன்றாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே நிபந்தனை இல்லை. நம் மாடியில் அந்தாக்ஷரிக்கும் அந்த நிபந்தனை என்றும் இருந்ததில்லை.

படி 7: வீட்டைக் காட்சிக்கு வைக்காதீர்கள்

நீ ஒன்றும் எங்களைவிட உசத்தி என்று நினைத்துக்கொள்ளாதே என்பது டென்மார்க்கிலும் அதன் அண்டை நாடுகளிலும் எழுதாத சட்டம். 'யாந்தே சட்டம்' என்று அதற்குப் பெயர் வைத்தது 1933-இல் வந்த ஒரு நாவல். நாவலாசிரியர் அதைக் கிண்டலாகத்தான் எழுதினார். முன்னேற நினைப்பவன் காலை வாருவதற்கும் அது உதவும் என்பது அங்கே பலருடைய புகார். எனக்கு அதில் ஒரு பாதி மட்டும் போதும். விருந்தினர் வருவதற்குள் திரைச்சீலை மாற்றுவது, புது டிவியின் விலையைப் பேச்சோடு பேச்சாகச் சொல்வது, மற்றவர் பிள்ளையின் நீட் மார்க்கை விசாரிப்பது ஆகியவற்றை நிறுத்திவிட்டாலே வீட்டில் காற்று நன்றாக வரும். துணி மடிக்காமல் நாற்காலியில் கிடந்தால் கிடக்கட்டும். அதைத் தள்ளிவிட்டு உட்காரக்கூடியவர்தான் நண்பர்.

படி 8: வட்டத்தில் ஓர் இடம் காலியாக இருக்கட்டும்

வேண்டியவர்கள் மட்டும் கூடும் வட்டம் உள்ளே இருப்பவருக்குத்தான் இதம். வெளியே நிற்பவருக்கு அது சாத்திய கதவு. டென்மார்க்குக்குக் குடிபெயர்ந்தவர்கள் அடிக்கடி சொல்லும் குறையே அதுதான்: எல்லோரும் நல்லவர்கள், ஆனால் யாரும் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை.

இதை நாடே பார்த்த ஒரு கதையும் உண்டு, நம் ஆட்கள் சம்பந்தப்பட்டது. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து போரைத் தப்பித் தமிழர்கள் டென்மார்க் போய்ச் சேர்ந்தார்கள். மனைவியையும் பிள்ளைகளையும் வரவழைத்துக்கொள்ள அவர்களுக்குச் சட்டப்படி உரிமை இருந்தது. 1987-இல் நீதி அமைச்சர் எரிக் நின் ஹான்சன் அந்த விண்ணப்பங்களை அப்படியே கிடப்பில் போட வைத்தார். இதைப் பற்றிய விசாரணை அறிக்கை வெளியானதும் 1993 ஜனவரியில் பிரதமர் பவுல் ஷ்லூட்டர் பதவி விலகினார். 1995-இல் முன்னாள் அமைச்சருக்கு நான்கு மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. டென்மார்க் வரலாற்றில் இன்றும் இதற்குப் பெயர் 'தமிழர் வழக்கு'. தரங்கம்பாடிக்கு 1620-இல் வந்து கோட்டை கட்டி, 1845-இல் அதை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போன நாடுதான் இது. தவறு செய்தது அரசு, அதைத் தோண்டி எடுத்துத் தண்டித்ததும் அதே நாடுதான் என்பதையும் சொல்ல வேண்டும். குடும்பத்தைக் காணாமல் அந்த அகதிகள் காத்திருந்த மாலைகளிலும் பக்கத்து வீடுகளில் ஹுகே நடந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

ஆகவே உங்கள் வெள்ளிக்கிழமைத் தட்டுகளில் ஒன்றைக் கூடுதலாக வையுங்கள். பேயிங் கெஸ்டாக இருக்கும் வடநாட்டுப் பையன், மகன் வெளிநாட்டில் இருக்கும் கீழ்வீட்டுப் பெரியவர், புதிதாகக் குடிவந்து இன்னும் யாரையும் தெரியாத குடும்பம். சம்பிரதாயமாக அழைக்க வேண்டாம். இட்லிதான் இருக்கிறது, வாங்க என்றால் போதும்.

நடைமுறைச் சிக்கல்கள் சில

ஏழரை மணி சீரியலோடு மோதாதீர்கள், தோற்பது நீங்களாகத்தான் இருக்கும். சீரியல் முடிந்த பிறகு தொடங்குங்கள்.

கொசு: மஞ்சள் விளக்கு போட்டுப் பால்கனியில் உட்காரும் ஆசை இருந்தால், அந்தி சாயும்போது ஜன்னல்களைச் சாத்திவைத்து, இருட்டிய பிறகு திறங்கள். பெடஸ்டல் ஃபேனைக் கால்பக்கம் திருப்பி வையுங்கள். காற்று பலமாக இருந்தால் கொசு உட்கார முடியாது.

இரவுப் பணியில் இருப்பவர் வீட்டில் இருந்தால் மாலையை விட்டுவிட்டுக் காலைக் காபியை அந்த ஒரு மணி நேரமாக்கிக்கொள்ளலாம். சூத்திரம் ஒன்றுதான், அடுப்பு அணைந்திருக்க வேண்டும், எல்லோரும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கடைசியாக, பதினாறு வயதுப் பிள்ளை. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வரவே மாட்டேன் என்று இருக்கும். வற்புறுத்த வேண்டாம், அப்பா குரலில் கூப்பிடவும் வேண்டாம். அதன் தட்டையும் போட்டு வைத்துவிட்டு மற்றவர்கள் சாப்பிட ஆரம்பியுங்கள். தேங்காய்ப்பால் தீரப்போகிறது என்று மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லலாம்.